சொல்லாமற்போன சொல்



சென்ற ஐப்பசியில், அடைமழை சற்றே ஓய்ந்திருந்த ஓர் இரவு, செபமாலை முடிந்து மக்கள் கலைந்து சென்றபின், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நம் பங்கு இல்லத்து வாசலில் வந்து நின்றார். பக்தியுள்ளவர். நாள் தவறாது திருப்பலிக்கு வருகிறவர். வறியவர்க்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையில் பல ஆண்டுகளாக உழைப்பவர். உள்ளே வந்து அமருமாறு அழைத்தோம். அமர்ந்தவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "சாமி, நான் ஒருத்தனுக்குப் பொய் சொல்லிட்டேன், அதைத் திருத்த வழியில்லாம அவன் போயிட்டான்" என்றார்.

நடந்தது இதுதான். அவர் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அடுத்த வீட்டுக்காரர் இந்து சமயத்தவர். அதே பள்ளியில் உடன் பணியாற்றியவர். முப்பத்திரண்டு ஆண்டு நட்பு. கிறிஸ்து பிறப்பு விழாவன்று இந்தப் பக்கமிருந்து பலகாரத் தட்டு சுவர்மேல் ஏறிப் போகும்; தைப்பொங்கலன்று அந்தப் பக்கமிருந்து சர்க்கரைப் பொங்கல் வரும். பிள்ளைகளின் திருமணங்களில் இருவரும் தோளோடு தோள் நின்று உழைத்தார்கள். அந்த நண்பர் நோயுற்றுப் படுத்த படுக்கையானார். இறுதி வாரத்தில் ஒரு மாலை, நம் ஆசிரியர் கட்டிலருகே அமர்ந்திருந்தபோது நோயாளர் அவர் கையைப் பற்றிக்கொண்டு, "நீ தினமும் விடிகாலையில கோயிலுக்குப் போறியே, செத்த பிறகு என்ன இருக்குன்னு நம்பிப் போறே? எனக்கும் சொல்லேன்" என்று கேட்டாராம்.

"நான் என்ன சொன்னேன் தெரியுமா சாமி? 'இந்தப் பேச்செல்லாம் இப்ப எதுக்கு? மருந்தைச் சாப்பிட்டுத் தூங்கு. எல்லாம் சரியாயிடும்'னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன். சரியாகாதுன்னு எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். நாலாம் நாள் இறந்துட்டான்."

அவருக்கு ஆறுதல் கூற முயன்றோம். இறைவனின் இரக்கம் நம் நாவை நம்பி நிற்பதன்று என்றோம். அது உண்மையே. அவர் தலையசைத்தார். ஆயினும், "அவனைக் கடவுள் பார்த்துக்குவார், சாமி. அதில எனக்குச் சந்தேகமில்லை. அவன் கேட்டது என்கிட்டே. நான் ஏன் சொல்லலே?" என்று அவர் மீண்டும் கேட்டபோது, நமக்கு விடை எழவில்லை. ஏனெனில் அவ்வினா நம்மையும் குத்தியது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பேருந்துப் பயணத்தில், நம் அங்கியைக் கண்டு அருகில் வந்தமர்ந்த ஒரு கூலித் தொழிலாளி, "சாமி, உங்க சாமி பாவத்தை மன்னிப்பாருன்னு சொல்றாங்களே, எந்தப் பாவத்தையுமா?" என்று தாழ்ந்த குரலில் வினவினார். நாம் அன்று மூன்று திருப்பலி முடித்துக் களைத்திருந்தோம். "ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வாருங்கள், பேசுவோம்" என்றோம். அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். அவர் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. இறையியல் கற்க நாம் குருமடத்தில் கழித்த ஆண்டுகள் எத்தனை! "ஆம், எந்தப் பாவத்தையும்" என்னும் மூன்று சொற்களைக் கூற அவை அன்று உதவவில்லை.

மௌனம் ஒன்றே நம் குற்றமாயிருந்தால் பரிகாரம் எளிது. எல்லாரும் வாய் திறந்து பேசுங்கள் என்று சொல்லி இம்மடலை முடித்துவிடலாம். ஆனால் நம் பங்கிலேயே வேறொன்றும் நிகழ்ந்தது. தியானம் ஒன்றில் கலந்துகொண்டு புத்தார்வத்துடன் திரும்பிய நம் இளைஞர் ஒருவர், இந்துக் குடும்பமொன்றின் துட்டி வீட்டிற்குச் சென்று, கணவனை இழந்து கதறிக்கொண்டிருந்த பெண்ணிடம், திருமுழுக்குப் பெறாமல் இறந்தவர் நரகத்திற்கே போவார் என்றும், பிள்ளைகளையாவது காப்பாற்றிக்கொள் என்றும் கூறிவிட்டார். அந்த அம்மையார் செவ்வாய்க்கிழமைதோறும் நம் அந்தோனியார் கெபியில் மெழுகுதிரி ஏற்றி வந்தவர். அதன்பின் அவர் நம் தெருப்பக்கமே வரவில்லை. மன்னிப்புக் கேட்க நாம் அவர் இல்லம் சென்றோம். அவர் சினந்து பேசவில்லை. "சாமி, என் வீட்டுக்காரர் எங்கே போனாருன்னு அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

நியாயமான கேள்வி. அந்த இளைஞர்க்குத் தெரியாது; நமக்கும் தெரியாது. தீர்ப்பு இறைவனுடையது. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருப்போர், நேரிய உள்ளத்தோடு இறைவனைத் தேடி, மனச்சாட்சியின் குரலுக்கேற்ப அவர் திருவுளத்தை நிறைவேற்ற முயல்வார்களாயின், அருளின் துணையால் அவர்களும் மீட்படையக்கூடும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டிலே தெளிவாகக் கற்பித்துள்ளது. ஆகவே அந்த இளைஞர் உண்மையை அன்பின்றி உரைத்தார் என்று கூறுவதும் போதாது. அவர் உரைத்தது முழு உண்மையும் அன்று. அன்பு குன்றும் இடத்தில் உண்மையும் குறைந்துபோகிறது.

ஒருவர் நண்பர்மீது அன்பு கொண்டிருந்தும் உண்மையைச் சொல்லவில்லை. மற்றவர் துணிந்து பேசியும் அன்பு காட்டவில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பாதை உண்டா? உண்டு என்பதற்கு நம் தென்னாட்டு மண்ணே சாட்சி.

1741-ஆம் ஆண்டு குளச்சலில் நடந்த போரில் டச்சுக் கம்பெனியின் படை திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் தோற்றது. சிறைப்பட்டவர்களுள் டிலனாய் என்னும் அதிகாரி ஒருவர். கத்தோலிக்கர். மன்னர் அவர் திறமையைக் கண்டு தம் படைக்குப் பயிற்சியளிக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். மக்கள் அவரை 'வலிய கப்பித்தான்' என்றழைத்தனர். உதயகிரிக் கோட்டைப் பணியின்போது, நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டன் என்னும் அரண்மனை அலுவலரோடு அவருக்குப் பழக்கம் உண்டாயிற்று. நீலகண்டன் உயர்குடியில் தோன்றியவர். தம் முன்னோரின் சமயத்தில் பற்றுள்ளவர். அவர் குடும்பத்தில் இழப்புக்குமேல் இழப்பு வந்தது. கால்நடைகள் மாண்டன, பயிர் பொய்த்தது. வாட்டமுற்றிருந்த அவர் முகத்தைக் கண்ட டிலனாய் காரணம் வினவினார். கேட்டறிந்தபின் அவருக்கு யோபின் வரலாற்றை எடுத்துரைத்தார்.

இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். டிலனாய் குருவானவர் அல்லர், உபதேசியாரும் அல்லர், வாளேந்திய படைவீரர். தாமே தோல்வியையும் சிறையையும் கண்டவராதலின் துன்பம் இன்னதென்று அறிந்தவர். அவர் முதலில் செய்தது வினவியது. அடுத்துச் செய்தது செவிமடுத்தது. அதன் பின்னரே பேசினார். பேசியபோதோ ஊர்ப்பேச்சும் பொது ஆறுதலும் கூறிக் கழியவில்லை. தம் விசுவாசத்தின் கருவூலத்தைத் திறந்து, அந்த மனிதரின் புண்ணுக்கேற்ற மருந்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

யோபின் நூலை எடுத்ததிலும் ஒரு பொருத்தம் உண்டு. அனைத்தையும் இழந்து சாம்பலில் அமர்ந்திருந்த யோபைக் காண நண்பர் மூவர் வந்தனர். ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு சொல்லும் பேசாது அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர். அம்மட்டும் அவர்கள் நல்ல நண்பர்களே. வாய் திறந்தபின் கெட்டனர். நீ பாவம் செய்தாய், ஆதலால் துன்புறுகிறாய் என்று கணக்குத் தீர்த்தனர். கடவுளின் சார்பில் பேசுவதாக எண்ணிக்கொண்ட அவர்களையே, நூலின் முடிவில், தம்மைப்பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கடவுள் கடிந்துகொள்கிறார். துட்டி வீட்டில் நரகத்தைப்பற்றிப் பேசிய நம் இளைஞர்க்கும், அவரைப் போன்ற நம் எல்லார்க்கும் அங்கே பாடம் இருக்கிறது. யோபோ, தம் மீட்பர் உயிரோடிருக்கிறார் என்ற நம்பிக்கையை அச்சாம்பலிலிருந்தே அறிக்கையிடுகிறார். நோயாளியின் கட்டிலருகே வாயடைத்துப்போன நம் ஆசிரியர்க்கும், பேருந்தில் வாயடைத்துப்போன நமக்கும் பாடம் அங்கே இருக்கிறது.

நீலகண்டன் கேட்டார், மீண்டும் மீண்டும் கேட்டார். டிலனாய் அவரை வடக்கன்குளத்திலிருந்த சேசு சபைக் குரு புத்தாரி அடிகளிடம் அனுப்பினார். 1745 மே 14-ஆம் நாள் அவர் திருமுழுக்குப் பெற்று லாசர் என்ற பெயரை ஏற்றார். அப்பெயரே தமிழில் தேவசகாயம். மாண்ட கால்நடைகள் மீளும் என்று டிலனாய் அவருக்கு வாக்களிக்கவில்லை. உண்மையில் தேவசகாயம் பெற்றுக்கொண்டதைவிட இழந்ததே, உலகக் கணக்கில், மிகுதி. 1749-இல் சிறைப்படுத்தப்பட்டார். எருமைமீது ஏற்றி ஊர்தோறும் இழிவுபடுத்தப்பட்டார், அடிகள் பட்டார். 1752 சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டு உயிர் துறந்தார். அவர் உடல் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் பெற்றது. 2022 மே 15-ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் உரோமையில் அவரைப் புனிதராக அறிவித்தார். டிலனாயோ 1777-இல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே துயில்கிறார்; அவர் கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. பீடத்தில் வணங்கப்படும் ஒரு புனிதருக்குப் பின்னால், வேலை செய்யும் இடத்தில் தோழனின் வாடிய முகத்தைக் கண்டு வாய் திறந்த ஓர் இல்லறத்தார் நிற்கிறார்.

இந்த இடத்தில் சிலர் வினவக்கூடும்: இறைவன் தம் இரக்கத்தால் நற்செய்தி அறியாதோரையும் மீட்க வல்லவராயின் நாம் ஏன் பேச வேண்டும்? அவரவர் வழியில் அவரவர் நன்றாயிருக்கட்டுமே? பணிவுபோல் தோன்றும் இக்கேள்விக்குப் பாப்பரசர் புனித ஆறாம் சின்னப்பர் 1975-இல் எழுதிய நற்செய்தி அறிவிப்புப் பற்றிய மடலில் விடை உண்டு. நாம் அறிவிக்காவிடினும் இறைவன் தாம் அறிந்த வழிகளில் அம்மக்களை மீட்கக்கூடும் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். பின்பு கேள்வியை நம் பக்கம் திருப்புகிறார்: அசட்டையாலோ, அச்சத்தாலோ, வெட்கத்தாலோ நற்செய்தியை மறைத்த நாம் மீட்படைவோமா? நல்வாழ்வே முதற் சாட்சி என்று கூறும் அதே மடலில், மிகச் சிறந்த சாட்சியமும் சொல்லால் விளக்கப்படாவிடில் நாளடைவில் பயனற்றுப்போகும் என்றும் அவர் எச்சரிக்கிறார்.

கோடையில் ஊரெல்லாம் தண்ணீருக்கு அலைகிறது. வற்றாத ஊற்று இருக்கும் இடம் ஒருவனுக்குத் தெரியும். மழை பெய்து மற்றவர் தாகம் தீரலாம், இறைவன் பெய்விப்பார். ஆயினும் ஊற்றை அறிந்தும் சொல்லாதிருந்தவனை அண்டை வீட்டான் என்று அழைப்பது எப்படி? சமாரியப் பெண்ணிடம் நம் ஆண்டவர் முதலில் தண்ணீர் கேட்டார். அவளிடம் பெறத் தாழ்ந்தார். பின்னரே வாழ்வளிக்கும் தண்ணீரைப்பற்றிப் பேசினார். அவள் வாழ்வின் உண்மையை மறைக்கவுமில்லை, அதைச் சுட்டி அவளை விரட்டவுமில்லை. அவளும் குடத்தை விட்டுவிட்டு ஊரை அழைக்க ஓடினாள்.

துணிவு என்பது உரத்த குரலன்று. நண்பர் கேட்கும்போது இயேசுவின் பெயரையும் சிலுவையையும் விழுங்கிவிடாமல் சொல்வது துணிவு. மரியாதையின் பொருட்டு, "எல்லாம் ஒன்றுதானே" என்று நாமே நம்பாத ஒன்றைச் சொல்லி நழுவாதிருப்பது துணிவு. கடவுள் நம்மை அன்பு செய்கிறார், அவர் மகன் நம் பாவங்களுக்காக இறந்து உயிர்த்தார், மன்னிப்பு விலையின்றிக் கிடைக்கிறது, சாவு முடிவன்று, இதை நம்பியே நான் எழுகிறேன், இதை நம்பியே சாக விரும்புகிறேன் என்று வீட்டுத் தமிழில் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

அன்பு என்பதோ மழுப்பலன்று. அதற்கும் கடினமான விதிகள் உண்டு. பிறர் வணங்குவதைப் பழித்தல் ஆகாது. ஏதென்ஸ் நகரின் சிலைகளைக் கண்டு உள்ளம் கொதித்த புனித சின்னப்பர், பேச எழுந்தபோது அம்மக்களின் சமயப் பற்றைக் குறிப்பிட்டே தொடங்கினார். எபேசில் கலகம் மூண்டபோது, இவர்கள் நம் தேவதையைப் பழித்தவர்கள் அல்லர் என்று அந்நகரின் அலுவலரே எடுத்துரைத்தார். நம் தெருவில் நம்மைக் குறித்து அப்படிச் சாட்சி சொல்வார் உண்டா? மேலும், பணத்தையோ, பள்ளியில் இடத்தையோ, வேலையையோ காட்டி ஒருவரையும் ஈர்த்தல் ஆகாது. வற்புறுத்தியோ தகாத உபாயங்களால் கவர்ந்தோ எவரையும் விசுவாசத்திற்குக் கொண்டுவருவதைத் திருச்சபை வன்மையாக விலக்குகிறது என்று 1965-இல் அதே வத்திக்கான் சங்கம் மறைபரப்புப் பணி பற்றிய விதித் தொகுப்பில் உரைத்தது. கேட்டவர் மறுத்தால், அடுத்த பொங்கலுக்கும் தட்டு முன்போலவே சுவர்மேல் போக வேண்டும். ஏதென்சில் சிலர் நகைத்தனர், சிலர் பிறகு கேட்போம் என்றனர், சிலர் நம்பினர். சின்னப்பர் யாரையும் சபிக்காமல் நகர்ந்தார்.

இன்னும் ஒன்று உண்டு. எழுதக் கூசினாலும் எழுதியாக வேண்டும். நாம் பிறர்க்குச் சொல்லும் உண்மையை அவர்கள் நம் வாழ்விலே ஒத்துப் பார்ப்பார்கள். மக்கள் எல்லாரும் சமம் என்று வாழ்ந்ததும் தேவசகாயத்தின்மீது பகை மூள ஒரு காரணமாயிற்று. அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் எழுந்த ஆலயத்தினுள் சாதியின் பெயரால் மக்களைப் பிரித்த சுவர் ஒன்று நின்றது. அது இடிக்கப்பட்டது 1910-இல். கல்லால் ஆன சுவர் போயிற்று. நம் கல்லறைத் தோட்டத்திலும், தேர் இழுக்கும் வடத்திலும், பெண் எடுக்கும் பேச்சிலும் கண்ணுக்குத் தெரியாமல் நிற்பது போயிற்றா? அடுத்த வீட்டு இந்து சகோதரர் இதை அறியாதவர் அல்லர். அவரிடம் மீட்பைப்பற்றிப் பேசுமுன் நாம் மீட்கப்பட்டிருக்க வேண்டிய அடிமைத்தனம் இது. பூரணராகும்வரை பேசாதிருங்கள் என்று நாம் கூறவில்லை. அப்படியாயின் எவரும் ஒருநாளும் பேச இயலாது. "நாங்களும் பாவிகளே, எங்களுக்கும் அவர் தேவை" என்று தொடங்குங்கள். நோயாளி மருத்துவரைச் சுட்டிக்காட்ட உடல் முழுதும் தேறியிருக்க வேண்டுவதில்லை.

ஆசிரியரை மறந்துவிடவில்லை. பதினாறாம் நாள் விசேஷத்திற்கு அவர் அடுத்த வீட்டிற்குச் சென்றார். உறவினர் எல்லாம் கலைந்தபின் நண்பரின் மகனைத் திண்ணையில் அழைத்து அமர்த்தி, "உங்க அப்பா என்னை ஒண்ணு கேட்டான், தம்பி. நான் பதில் சொல்லாம வந்துட்டேன். அவன்கிட்ட சொல்ல வேண்டியதை உன்கிட்ட சொல்லிக்கிறேன், நீ கேட்டா போதும்" என்று கூறி, கண்ணீரோடு தம் நம்பிக்கையைச் சொன்னாராம். இளைஞர் மறுத்துப் பேசவுமில்லை, ஏற்பதாகச் சொல்லவுமில்லை. உள்ளே சென்று இருவருக்கும் காப்பி கொண்டுவந்தார். பின்பு, "மாமா, அப்பா என்கிட்டேயும் அதைத்தான் கேட்டார். எனக்கும் சொல்லத் தெரியலை. அடுத்த வாரமும் வாங்க" என்றாராம்.

அவ்வளவுதான் நிகழ்ந்தது. இனி என்ன நிகழும் என்பது இறைவன் கையில். விதைப்பவன் முளையை இழுத்து வளர்ப்பதில்லை.

அன்பர்களே, இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும் சற்று நேரம் அமர்ந்திருங்கள். சுவருக்கு அப்பால் இருப்போரில் ஒருவரைப் பெயர் சொல்லி இறைவனிடம் ஒப்படையுங்கள். பின்பு தந்தையும் தாயும் பிள்ளைகளும், "நீ ஏன் கிறிஸ்துவை நம்புகிறாய் என்று அவர் கேட்டால் நான் என்ன சொல்வேன்?" என்னும் வினாவுக்கு ஆளுக்கு இரண்டு வாக்கியத்தில் விடை சொல்லிப் பாருங்கள். நம் நம்பிக்கைக்குக் காரணம் கேட்போர்க்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் விடையளிக்க எப்போதும் ஆயத்தமாயிருக்குமாறு புனித இராயப்பர் நமக்குக் கட்டளையிட்டதும் இதுவே. முதல் நாள் நாக்குத் தடுமாறும். வெட்கப்பட வேண்டாம். வீட்டுக்குள் பழகாத சொல் கட்டிலருகே வராது.

பேருந்தில் நம்மிடம் கேட்ட அந்த மனிதருக்காக நாமும் நாள்தோறும் செபிக்கிறோம். அவரிடம் சொல்லத் தவறியதை யாரேனும் ஒருவர், ஒருவேளை உங்களுள் ஒருவர், சொல்லியிருப்பார் என்று நம்புகிறோம்.

இறைவன் உங்கள் இல்லங்களையும், உங்கள் அண்டை இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக.